தீப்பந்தத்துக்கு முன் நான்கு கேள்விகள்

வீட்டுச் சன்ஷேடுக்கு அடியிலோ வாசல் மாமரத்திலோ தேன்கூடு ஒன்று கண்ணில் பட்டதும் பெரும்பாலும் நடப்பது இரண்டில் ஒன்று. தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போகிறது. அல்லது பொழுது சாய்ந்ததும் நீண்ட கழியின் நுனியில் பழந்துணி சுற்றி, மண்ணெண்ணெய் ஊற்றித் தீப்பந்தம் தயாராகிறது. சிறிது நேரத்தில் வேலை முடிந்துவிடும். காலையில் தரையெங்கும் கருகிய தேனீக்களும் உருகிய மெழுகும் கிடக்கும். வீட்டார் நிம்மதியாக மூச்சு விடுவார்கள். இந்த நிம்மதி எவ்வளவு உண்மையானது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. தேனீக்களின் இயல்பைப் பற்றிக் கடந்த எழுபது ஆண்டுகளில் சேர்ந்திருக்கும் அறிவைத் திரட்டிப் பார்த்தால், வீட்டைச் சுற்றிக் கட்டப்படும் கூடுகளில் பெரும்பாலானவற்றை விட்டுவைப்பதே தேனீக்கும் வீட்டாருக்கும் ஒருசேர நல்லது என்ற முடிவுக்குத்தான் வர வேண்டியிருக்கிறது. எரிப்பதால் அச்சம் தணிகிறது; ஆபத்தோ பல நேரம் கூடுகிறது. அகற்றியே தீர வேண்டிய கூடுகளும் உண்டு. அவற்றைப் பிரித்தறிய நான்கு கேள்விகள் போதும்: எந்தத் தேனீ, எங்கே கட்டியிருக்கிறது, யார் அருகில் புழங்குகிறார்கள், எத்தனை நாள் இருக்கும்.

முதல் கேள்வியிலேயே நாம் இடறுகிறோம். கதண்டு, கடந்தை என்று வட்டாரத்துக்கு வட்டாரம் வேறு பெயரால் அழைக்கப்படுவது பூச்சிகளை வேட்டையாடும் பெருங்குளவி. அது தேன் சேர்ப்பதில்லை, மெழுகு சுரப்பதில்லை. மரநாரை மென்று காகிதம் போன்ற கூட்டைக் கட்டுகிறது. ஒரே கொடுக்கால் பலமுறை கொட்ட வல்லது. தேனீயின் கொடுக்கில் முள் இருப்பதால் அது நம் தோலிலேயே தங்கிவிடும். கொட்டிய தேனீ செத்துப்போகும். இவ்வளவு வேறுபட்ட இரண்டையும் 'விஷ வண்டு' என்ற ஒரே பெயரில் சேர்த்துவிடுகிறோம். இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளர்கள் தாக்கப்படும்போது 'குளவி கொட்டு' என்றே செய்தி வருகிறது. மலைத்தேனீயும் அந்தச் சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது. பெயர் குழம்பும் இடத்தில் வைத்தியமும் குழம்பும். தமிழ்நாட்டில் இயல்பாக வாழ்ந்து தேன் சேர்க்கும் இனங்கள் முக்கியமாக நான்கு: கொம்புத் தேனீ, அடுக்குத் தேனீ, கொசுத்தேனீ, மலைத்தேனீ. பெட்டிகளில் வளர்க்கப்படும் இத்தாலியத் தேனீ வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டது. இந்த நான்கும் வாழும் விதமும் சினக்கும் விதமும் வேறு வேறு.

கொம்புத் தேனீதான் வீட்டு வேலியில் அடிக்கடி காணக் கிடைப்பது. செம்பருத்தி, மருதாணி, எலுமிச்சை போன்ற செடிகளின் ஒரு கொம்பைச் சுற்றி ஒரே ஓர் அடை கட்டும். உள்ளங்கையை விடச் சற்றுப் பெரிதாக, தேனீக்களே போர்வையாக மூடியிருக்க, அது தொங்கும். கூர்ந்து பார்த்தால் கூட்டுக்கு இருபுறமும் கொம்பின் மேல் பிசுபிசுப்பான பிசின் வளையம் பூசியிருப்பது தெரியும். எறும்பு ஏறாமல் தடுக்கத் தேனீக்களே செடிகளிலிருந்து பிசின் கொண்டுவந்து பூசும் காவல் அது. ஜெர்மானிய ஆய்வாளர் மார்ட்டின் லிண்டாவர் 1950-களின் நடுவில் இலங்கையின் பேராதனைக்கு வந்து ஆசியத் தேனீக்களின் நடனத்தை ஆராய்ந்தார். மற்றத் தேனீக்கள் செங்குத்தான அடையின் மேல் ஆடிப் பூ இருக்கும் திசையைச் சொல்ல, கொம்புத் தேனீ அடையின் உச்சியில் இருக்கும் படுக்கையான மேடையில் ஆடி நேராக அந்தத் திசையையே காட்டுகிறது என்பதை அவர் கண்டறிந்தார். தேனீ நடனத்தை முதலில் படித்தறிந்த அவருடைய ஆசிரியர் கார்ல் ஃபான் ஃபிரிஷ் 1973-இல் நோபல் பரிசு பெற்றார். நம் வேலிச் செடியில் தினமும் நடப்பது அந்த நடனம். இந்தத் தேனீயின் உடல் சிறியது, கொடுக்கும் சிறியது. கொம்பை அசைக்காதவரை தன் போக்கில் இருக்கும். தொல்லை கொடுத்தால் போர் தொடுப்பதைவிட இடத்தைக் காலி செய்வதையே பெரும்பாலும் தேர்ந்தெடுக்கும்.

அடுக்குத் தேனீ இருட்டை நாடுவது. மரப்பொந்து, கரையான் புற்று, சுவர் ஓட்டை, பழைய பானை, மூடிக் கிடக்கும் மீட்டர் பெட்டி என எதையும் வீடாக்கிக்கொண்டு, உள்ளே அடைகளை வரிசையாக இணைகோடு போலத் தொங்கவிடும். வெளியே தெரிவது ஒரு சிறு வாயிலும் அதில் போய்வரும் தேனீக்களும்தான். பெட்டியில் வைத்து வளர்க்கத் தோதானது இந்த இனமே. நியூட்டன் பாதிரியார் 1910-களில் திருச்சிராப்பள்ளி வட்டாரத்தில் வடிவமைத்த பெட்டி இதற்காகத்தான். மார்த்தாண்டம் பகுதியின் தேன் தொழிலும் இதை நம்பியே வளர்ந்தது. அந்த ஊர்களில் வீட்டுக் கொல்லையில் தேன்பெட்டி இருப்பது இயல்பான காட்சி என்பதே, மனிதர் நடமாட்டத்துக்கு நடுவே இந்தத் தேனீ எவ்வளவு அமைதியாக வாழ முடியும் என்பதற்குச் சான்று. கொசுத்தேனீக்கோ கொட்டும் கொடுக்கே கிடையாது. சுவர் இடுக்கில் மெழுகும் பிசினும் கலந்த சிறு குழல் நீட்டிக்கொண்டிருந்தால் அது இதன் வாசல். இந்தக் கூட்டை எரிப்பதற்கு ஒரு காரணமும் இல்லை.

எஞ்சுவது மலைத்தேனீ. கொட்டி உயிர் போனதாக வரும் செய்திகளில் தேனீயின் பங்கு இருக்குமானால் பெரும்பாலும் அது இதுவாகவே இருக்கும். அச்சத்துக்குக் காரணம் உண்டு. உயர்ந்த மரம், பாறை முகடு, நீர்த்தொட்டி, அடுக்குமாடிக் கட்டடத்தின் மேல்தளம் ஆகியவற்றில் ஒரு மீட்டருக்கும் மேல் அகலம் கொள்ளக்கூடிய ஒற்றை அடையைத் தொங்கவிடும். பல்லாயிரம் தேனீக்கள் அதை அடுக்கடுக்கான திரையாக மூடியிருக்கும். ஆனால் இதுவும் காரணமின்றிப் பாய்வதில்லை. குளவி போன்ற எதிரி நெருங்கும்போது கூட்டின் மேல் இருக்கும் தேனீக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வயிற்றைச் சட்டென உயர்த்தித் தாழ்த்துகின்றன. கூடு முழுதும் அலை ஓடுவது போல் இருக்கும். கெரால்ட் கஸ்ட்பெர்கரும் அவருடைய குழுவினரும் நேபாளத்தில் இதைப் படம்பிடித்து 2008-இல் வெளியிட்ட ஆய்வு, இந்த அலை வேட்டைக்கு வரும் குளவிகளைக் கூட்டிலிருந்து ஏறத்தாழ அரை மீட்டர் தொலைவிலேயே தடுத்து நிறுத்துகிறது என்று காட்டியது. கொட்டாமலே எதிரியை விலக்கும் மொழி அது. உயிரைக் கொடுத்துக் கொட்டுவது தேனீக்குக் கடைசி வழி. அலை அடிக்கும் கூட்டைக் கண்டால் பின்வாங்க வேண்டும் என்று தெரிந்தவருக்கு முன்னெச்சரிக்கை அங்கேயே எழுதப்பட்டிருக்கிறது.

ஆபத்து எங்கிருந்து பிறக்கிறது என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். கல்லெறி, கிளை வெட்டுதல், கூட்டுக்கு அருகே வெடிக்கும் பட்டாசு, சுவரில் ஓடும் துளையிடும் இயந்திரம், அடியில் எழும் புகை ஆகியவை தேனீயைச் சீண்டுகின்றன. மனிதர் கை இல்லாமலும் சில நேரம் நேரும். தேன் பருந்து கூட்டைப் பிய்த்தால், கீழே நிற்பவர் மீது சினம் திரும்பக்கூடும். ஒரு தேனீ கொட்டியதும் அந்த இடத்தில் வாழைப்பழ வாடை போன்ற எச்சரிக்கை மணம் பரவுகிறது. அது மற்றத் தேனீக்களை அதே இடத்துக்கு இழுக்கிறது. கையை வீசி அடித்து நசுக்கினாலும் அந்த மணம் கூடும். எனவேதான் நின்று போராடாமல் முகத்தை மூடிக்கொண்டு விரைந்து மூடிய அறைக்குள் போக வேண்டும் என்கிறார்கள். கொடுக்கைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும், கிள்ளக் கூடாது என்ற பழைய அறிவுரையை 1996-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு திருத்தியது: எப்படி எடுக்கிறோம் என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோம் என்பதே முக்கியம், ஏனெனில் உடலை விட்டு நீங்கிய பிறகும் கொடுக்கு நஞ்சை இறக்கிக்கொண்டே இருக்கும். தாக்குதலின் தொடக்கம் சீண்டல்தான் என்றால், கூட்டைக் கொளுத்துவதைவிடப் பெரிய சீண்டல் வேறென்ன இருக்கிறது? தீப்பட்ட மலைத்தேனீக்கள் எல்லாம் சாவதில்லை. ஒரு பகுதி பறந்து அக்கம்பக்கத்து விளக்குகளை மொய்க்கும். சிறகு கருகியவை தரையில் ஊர்ந்து கிடந்து, காலையில் வெறுங்காலோடு வாசலுக்கு வரும் குழந்தையைக் கொட்டும். ஓலைக் கூரையும் காய்ந்த மட்டையும் இருக்கும் இடத்தில் தீயே தேனீயைவிடப் பெரிய ஆபத்து.

எரித்தால் தொல்லை அடியோடு தீர்ந்துவிடும் என்ற எண்ணமும் ஆய்வின் முன் நிற்பதில்லை. மலைத்தேனீ ஆண்டு முழுதும் ஓரிடத்தில் தங்குவதில்லை. பூக்காலத்தைத் தொடர்ந்து இடம் பெயர்கிறது. சில மாதங்களில் வெற்று அடையை விட்டுவிட்டுத் தானே போய்விடும். வேலைக்காரத் தேனீயின் வாழ்நாள் குறுகியது. முந்தைய ஆண்டு வந்த எந்த வேலைக்காரத் தேனீயும் மறு ஆண்டு உயிரோடு இருக்காது. அப்படியிருந்தும் அதே கூட்டம் அதே மரத்துக்குத் திரும்பி வருகிறது என்பதை வடகிழக்கு இந்தியாவில் மரபணு அடையாளத்தைக் கொண்டு ஆய்வாளர்கள் பார், ஓல்ட்ராய்ட், கஸ்ட்பெர்கர் ஆகியோர் நிறுவி 2000-இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். தேனீக்களை ஈர்ப்பது அந்த இடம்: அதன் உயரம், மழை படாத மறைப்பு, அருகே இருக்கும் பூவும் நீரும். ஒரு கூட்டத்தைக் கொன்றாலும் அடுத்த பருவத்தில் இன்னொன்று அங்கே வந்து தங்க எல்லா வாய்ப்பும் இருக்கிறது. அடுக்குத் தேனீ விஷயத்தில் இது இன்னும் மோசம். சுவருக்குள் மருந்தடித்துக் கொன்றால் செத்த தேனீக்களும் புழுக்களும் உள்ளேயே அழுகும். காவலற்ற தேன் கசிந்து எறும்பையும் மெழுகு அந்துப்பூச்சியையும் அழைக்கும். நஞ்சு கலந்த தேனை வேறு கூட்டத்துத் தேனீக்கள் எடுத்துச் செல்லும். ஓட்டையை அடைக்காவிட்டால் பழைய மெழுகின் வாசம் புதிய கூட்டத்தை அங்கே அழைத்துவரும். சரி செய்ய வேண்டியது ஓட்டையை. கூட்டம் இல்லாத காலத்தில் ஒரு கரண்டி சிமென்ட் செய்யும் வேலையைப் பூச்சிமருந்து ஒருநாளும் செய்யாது.

இப்போது நான்கு கேள்விகளையும் ஒன்றாக வைத்துப் பார்க்கலாம். கிளையில் திடீரென்று ஒரு கொத்தாகத் தேனீக்கள் தொங்கி, அடை எதுவும் கண்ணுக்குத் தெரியாவிட்டால் அது தாய்க்கூட்டிலிருந்து பிரிந்து புது வீடு தேடும் அடுக்குத் தேனீக் கூட்டமாக இருக்கலாம். வயிறு நிறையத் தேனோடு புறப்பட்டிருக்கும். காக்க வேண்டிய புழுவும் தேனும் அங்கே இல்லாததால் இந்த நிலையில் தேனீக்கள் சாந்தமாகவே இருக்கும். சில மணி நேரத்தில், மிஞ்சினால் சில நாளில் போய்விடும். பொறுமையே இங்கே முழு வைத்தியம். கொம்புத் தேனீக் கூடு நடைபாதையில் உரசும் கிளையில் இல்லாவிட்டால், சில அடி தள்ளி ஒரு கயிறு கட்டி வைப்பது போதும். அடுக்குத் தேனீயின் வாயில் ஆள் நடக்கும் வழிக்கு நேராக இல்லாதவரை பிரச்சினை இல்லை. மீட்டர் பெட்டி போல அடிக்கடி திறக்க வேண்டிய இடமானால், தேனீ வளர்ப்பவர் ஒருவரை அழைத்துப் பெட்டிக்கு மாற்றலாம். மலைத்தேனீ நான்காம் மாடிக்கு மேல், யாரும் எட்டாத இடத்தில் இருந்தால் அந்தப் பருவம் முடியும்வரை விட்டுவைக்கலாம். அதே கூடு பால்கனிக் கைப்பிடிக்கு அருகிலோ, பள்ளி மாடிப்படியிலோ, மருத்துவமனை வாசலிலோ இருந்தால் அகற்றத்தான் வேண்டும். அப்போதும், தெரிந்தவர்களைக் கொண்டு, ஆட்களை விலக்கி, தேனீக்கள் உயிரோடு இடம்பெயரும் விதத்தில் அதைச் செய்ய முடியும். கூடு இப்போதுதான் தொடங்கியிருக்கிறது என்றால், அடையும் புழுவும் சேருவதற்குள் செய்வதே எளிது.

விட்டுவைப்பது என்றால் வீட்டார் கொஞ்சம் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். மலைத்தேனீ நிலவொளியில் இரவிலும் தேன் தேடிப் போகும் என்பதை ஃபிரெட் டையர் 1985-இல் விளக்கினார். வெளிச்சத்தை நாடும் இந்த இயல்பால்தான் அது இரவில் டியூப் லைட்டைத் தேடி வீட்டுக்குள் வருகிறது. கூட்டை நோக்கிய விளக்கை அணைத்து, சன்னலுக்குத் திரையிட்டால் இந்தத் தொல்லை பெருமளவு குறைந்துவிடும். கோடையில் அடுக்குத் தேனீ குழாயடிக்கு வருவது தண்ணீருக்காக. குழாயிலிருந்து தள்ளி ஒரு தட்டில் கூழாங்கல் போட்டு நீர் வைத்தால் நாளடைவில் அது அங்கே போகப் பழகிக்கொள்ளும். உலர்த்திய துணியிலும் காரின் மேலும் மஞ்சள் புள்ளிகள் விழுவது பலருக்குப் பெரிய புகார். இந்தப் புள்ளிக்கு ஓர் உலக வரலாறு உண்டு. 1981-இல் அமெரிக்க வெளியுறவுச் செயலர் அலெக்சாண்டர் ஹெய்க், லாவோஸிலும் கம்போடியாவிலும் 'மஞ்சள் மழை' என்ற நச்சு ஆயுதம் பயன்படுத்தப்படுவதாகச் சோவியத் தரப்பின் மேல் குற்றம் சுமத்தினார். மேத்யூ மெசல்சன், தாமஸ் சீலி உள்ளிட்டோர் தாய்லாந்துக் காட்டுக்கே போய்ப் பார்த்தார்கள். மகரந்தம் நிறைந்த அந்த மஞ்சள் துளிகள், மலைத்தேனீக்கள் கூட்டமாகப் பறந்து மலம் கழிப்பதால் விழுபவை என்று விளக்கினார்கள். வல்லரசுகளையே மிரளவைத்த அந்தப் புள்ளி, துணி துவைக்கும் சோப்பில் போய்விடும். அறியாமைக்கு எவ்வளவு பெரிய உருவம் கிடைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

இவ்வளவு சிரமத்துக்குப் பலன் என்ன? 2007-இல் அலெக்சாண்ட்ரா கிளைனும் உடன் ஆய்வாளர்களும் உலகின் முக்கியமான 115 உணவுப் பயிர்களை ஆராய்ந்தபோது 87 பயிர்கள் ஏதோ ஓரளவுக்கு விலங்கின மகரந்தச் சேர்க்கையைச் சார்ந்திருப்பது தெரிந்தது. குடகின் ரோபஸ்டா காபிக்கு வேற்றுச் செடியின் மகரந்தம் கட்டாயம் வேண்டும். மழை பெய்ததும் தோட்டமெங்கும் ஒரே நேரத்தில் சில நாள் மட்டும் பூக்கும் அந்தப் பூக்களுக்கு மலைத்தேனீ, அடுக்குத் தேனீ, கொசுத்தேனீ ஆகியவை வந்து சேவை செய்வதை ஸ்மிதா கிருஷ்ணன் முதலானோர் 2012-இல் பதிவு செய்தார்கள். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். வீட்டுப் பந்தலில் ஏறும் பாகல், பூசணி, வெள்ளரிக் கொடிகளில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி. ஒரு பெண் பூவுக்குப் போதிய மகரந்தம் வந்து சேராவிட்டால் பிஞ்சு மஞ்சளித்து உதிரும், அல்லது ஒரு பக்கம் வீங்கி மறுபக்கம் சூம்பிக் கோணலாக வளரும். 'இந்த வருஷம் கொடி பூத்தும் காய் பிடிக்கவில்லை' என்று சொல்பவர்கள் உரத்தைப் பற்றி யோசிக்கும் அளவுக்கு, வேலியில் இருந்த கூடு என்னாயிற்று என்று யோசிப்பதில்லை.

இதற்கெல்லாம் வலுவான மறுப்பு ஒன்று உண்டு: காய் பிடிப்பதற்காக ஒரு குழந்தையின் உயிரைப் பணயம் வைக்க முடியுமா? முடியாது. ஐரோப்பியத் தேனீயை வைத்துச் செய்த கணக்கில், உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 19 கொட்டு உயிருக்கு ஆபத்தான அளவு என்கிறார்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது ஆயிரத்துக்கு மேல். 15 கிலோ குழந்தைக்கு 300-க்கும் கீழ். முதியவருக்கும் இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவருக்கும் இதைவிடக் குறைவான கொட்டே போதும். ஒவ்வாமை உள்ளவருக்கோ இந்தக் கணக்கே பொருந்தாது. ஒரே கொட்டில் தொண்டை வீங்கி, மூச்சு முட்டி, இரத்த அழுத்தம் சரியலாம். அவருக்கு உடனடித் தேவை அட்ரினலின் ஊசியும் மருத்துவமனையும். கைவைத்தியத்தில் ஒரு நிமிடம்கூட வீணாகக் கூடாது. இப்படிப்பட்ட ஒருவர் இருக்கும் வீட்டில் கொடுக்குள்ள எந்தத் தேனீயின் கூட்டையும் அகற்றக் கேட்பது நியாயம். மூன்றாம் கேள்வி இவர்களுக்காகவே இருக்கிறது. ஆனால் இதே எண்கள் இன்னொன்றையும் சொல்கின்றன. நூற்றுக்கணக்கான கொட்டு விழுவது தோட்டத்தில் தற்செயலாக ஒரு தேனீயை மிதிப்பதால் அல்ல, மலைத்தேனீக் கூடு ஒன்று முழுதாகக் கலைக்கப்படும்போதுதான். ஆகவே குழந்தையைக் காக்க விரும்புகிறவர் முதலில் தடுக்க வேண்டியது கலைப்பை. கூட்டின் மேல் கல் விடும் விளையாட்டு, அரைகுறையாகப் பிடிக்கப்பட்ட தீப்பந்தம், முன்னறிவிப்பில்லாத கிளை வெட்டு ஆகியவை கூட்டத்தின் சினத்தைத் தெருவுக்கே திறந்துவிடும்.

காட்டுத் தேனீ காட்டில்தானே இருக்க வேண்டும், ஊருக்குள் ஏன் என்பது அடுத்த மறுப்பு. இதில் வரலாறு தலைகீழாக இருக்கிறது. பழைய ஆலும் இலுப்பையும் நின்ற இடத்தில்தான் நம் நகர்கள் விரிந்தன. பொந்துள்ள முதுமரம் போனபின் சுவர் ஓட்டையும், உயர்ந்த கிளை போனபின் நீர்த்தொட்டியும் மிஞ்சியிருக்கின்றன. தேனீ நம் வீட்டுக்கு வந்தது என்பதைவிட, அதன் வீட்டின் மேல் நாம் கட்டினோம் என்பது உண்மைக்கு நெருக்கம். எல்லாவற்றையும் பிடித்துப் பெட்டியில் வளர்த்தால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. கொம்புத் தேனீயும் மலைத்தேனீயும் திறந்த வெளியில் ஒற்றை அடை கட்டுபவை; பெட்டிக்குள் அவை குடியிருப்பதில்லை. அடுக்குத் தேனீயைப் பெட்டியில் மட்டும் நம்புவதும் விவேகம் அல்ல. 1990-களின் தொடக்கத்தில் தாய்லாந்து சாக்புரூட் என்னும் வைரஸ் நோய் தென்னிந்தியப் பெட்டிகளின் பெரும்பகுதியை அழித்தது. நோயைத் தாங்கி நின்ற கூட்டங்களிலிருந்தே தொழில் மறுபடி தழைத்தது. பொந்துகளிலும் சுவர்களிலும் யார் கண்ணிலும் படாமல் வாழும் கூட்டங்கள் அடுத்த நோய்க்கு எதிரான விதைநெல்.

இன்னொரு மறுப்பு நியாய உணர்விலிருந்து வருகிறது: பலன் ஊருக்கு, பயம் மட்டும் கூடு கட்டப்பட்ட வீட்டுக்காரருக்கா? இந்தக் கேள்விக்கு அந்த வீட்டாருக்கு அறிவுரை சொல்வது பதிலாகாது. பொறுப்பு பொதுவில் இருக்க வேண்டும். இலங்கையின் சிகிரியாக் குன்றில் மலைத்தேனீக் கூடுகளுக்குக் கீழேதான் ஆண்டுதோறும் பெருந்திரளான பயணிகள் ஏறுகிறார்கள். அங்கே அமைதி காக்கச் சொல்லும் பலகைகள் இருக்கின்றன. தேனீ கலைந்தால் புகுந்துகொள்ளக் கம்பி வலைக் கூண்டு இருக்கிறது. பாறையும் கூடும் மனிதரும் ஒன்றாக இருக்கலாம், அதற்கு யாரோ ஒருவர் திட்டமிட வேண்டும் என்பதே அது சொல்லும் செய்தி. நம் ஊராட்சிகளும் மாநகராட்சிகளும் இந்த அளவுக்குச் செய்ய முடியாதா? தேனீ வளர்ப்பில் கைதேர்ந்தவர்களின் பட்டியலை வைத்திருப்பதும், கோயில் விழாவுக்கு முன் கோபுரத்துக் கூட்டைப் பார்த்துப் பட்டாசு வெடிக்கும் இடத்தை மாற்றுவதும், மரம் வெட்டுமுன் கூடு இருக்கிறதா என்று நிமிர்ந்து பார்ப்பதும் பெருஞ்செலவுள்ள வேலைகள் அல்ல.

தீயணைப்பு வீரர்கள் அழைத்த உடனே வந்து நிற்கிறார்கள். அவர்கள் உழைப்பில் குறை காண இடமில்லை. மாற வேண்டியது அவர்களுக்குப் போகும் போன் அழைப்பின் முதல் நிமிடம். 'எங்கள் வீட்டில் தேன்கூடு இருக்கிறது' என்று ஒருவர் சொன்னதும், மறுமுனையில் இருப்பவர் முகவரி கேட்குமுன் வேறு நான்கைக் கேட்கட்டும்: ஒரே அடையா, பொந்துக்குள்ளா? கை எட்டும் உயரமா? வீட்டில் ஒவ்வாமை உள்ளவரோ சிறு குழந்தையோ இருக்கிறார்களா? எப்போது வந்தது? அந்தப் பதில்களிலேயே பல கூடுகளின் உயிர் தப்பிவிடும். உண்மையிலேயே ஆபத்தான கூட்டுக்கு வண்டியும் ஆளும் விரைந்து போகவும் முடியும்.